ஏறக்கூடாத எண்

நிறைமதியின் முழங்கைக்குமேல் வில்லையாக ஒட்டியிருந்த சினைமானி அன்று காலை 2.1 என்று காட்டியது. முந்தின இரவுதான் வால்பாறையிலிருந்து திரும்பியிருந்தார்கள்; மூன்று நாள் முன்பு புறப்படும்போது அது 0.4 காட்டியிருந்தது, அங்கே அவள் அதைப் பார்க்கவே இல்லை. பல் துலக்கிக்கொண்டிருந்தவள் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏறியிருக்கா? நல்லதுதானே மதி," என்றான் கணவன் சுகந்தன்.

"இது இப்படி ஏறாதுங்க. ஏற வழியே இல்ல."

அவள் சொன்னது சரிதான். ஒரு பெண் பிறக்கும்போதே அவளுக்கான முட்டைகள் எல்லாம் சினைப்பைக்குள் சிறு பைகளில் உறங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒரு கூட்டம் எப்போதும் விழித்து வளர்ந்துகொண்டிருக்கும். வளரும் பைகள் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் கசியவிடும். அதை அளந்தால் உள்ளே மிச்சம் எவ்வளவு என்று உத்தேசமாகச் சொல்லலாம். கல்யாண மண்டபத்துக்குள் எட்டிப் பார்க்காமல் வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்துக் கூட்டத்தைக் கணிப்பது போல. வந்திருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று செருப்பு சொல்லாது. முட்டைகள் தரமானவையா, இந்த மாதம் கரு தங்குமா என்று இந்த எண்ணும் சொல்லாது. நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறி இறங்கலாம். ஆனால் போன முட்டைகள் கூட்டமாகத் திரும்பி வருவதில்லை.

முன்பெல்லாம் தேவைப்பட்டவர்கள் மட்டும் சோதனைச் சாலைக்குப் போய் ரத்தம் கொடுத்தார்கள். சினைமானி வந்தபின் அது தினமும் காலையில் ஒரு சொட்டு எடுத்துத் தானே அளந்தது. கோயம்புத்தூரில் ஜாதகத்தோடு எண்ணையும் கேட்டார்கள். பேருந்தில் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைத்தவள் முதலில் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். எண் 0.5க்குக் கீழே போனால் வில்லை சிவக்கும். சிவந்தால் மருத்துவமனை அழைக்கும். இருப்பது தீருவதற்குள் ஒரு பக்கச் சினைப்பையை எடுத்துக் கீற்றுகளாக நறுக்கிப் பின்னாளுக்கென உறைய வைப்பார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பயமே போதுமானதாக இருந்தது.

நிறைமதிக்கு வில்லை சிவந்து சில நாட்கள் ஆகியிருந்தன. அடுத்த வியாழக்கிழமை அவளுடைய இடது சினைப்பையை எடுக்கப்போகிறார்கள்.

அவள் சினைமானி நிறுவனத்தின் உதவிக்குரலை அழைத்தாள்.

"உயர்ந்த அளவு கருவிப் பிழை. அதை உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம்," என்றது இயந்திரக் குரல்.

"குறைவா காட்டினது பிழையா இருக்கலாமே?"

"குறைவான அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன."

சொன்னபடியே எண் மறுநாள் சரிந்தது. அதற்கடுத்த நாள் மீண்டும் 0.4. வில்லை சிவந்தது.

"பாத்தியா, அவங்க சொன்ன மாதிரிதான்," என்றான் சுகந்தன். மருத்துவமனைக்கான பையை அவன் முன்னமே அடுக்கி வைத்திருந்தான். "இதையும் விட்டுட்டா அப்புறம் ஒண்ணுமே இருக்காது மதி. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? நல்லா இருக்கறத அறுத்துட்டாங்கன்னா?"

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

புதன்கிழமை மதியம் அண்ணி தன்ஷிகா வந்தாள். சென்ற வருடம் இதே அறுவையைச் செய்துகொண்டவள். தலைமுடியை இரட்டைச் சடையாகப் பின்னிக்கொண்டு வரவேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்ததால் நிறைமதியை உட்காரவைத்துச் சீப்பெடுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் கொத்தாக வந்தது.

"முட்டையும் போச்சு, முடியும் போச்சு. நம்ம வீட்டுப் பொம்பளைங்களப் பாத்தா எல்லாத்துக்கும் கொட்டத் தோணுது போல," என்று சிரித்தாள் அண்ணி. அவளுடைய வகிடும் அகன்று மண்டை தெரிந்தது. "மாத்திரை ஒழுங்கா போடறியா கண்ணு? நானெல்லாம் ஆபரேசனுக்கப்புறம் நாலு போடறேன்."

மாத்திரை சினைமானி நிறுவனம் கொடுப்பதுதான். மானியை ஒட்டிக்கொண்ட பெண்களுக்கு முடி கொட்டியது. தினமும் விடிந்ததும் பயந்தால் கொட்டத்தான் செய்யும். எதற்காகக் கொட்டுகிறது என்று நிறுவனம் கேட்கவில்லை. மாதப் பெட்டியில் 'கூந்தல் ஊட்டம்' என்று ஓர் அட்டை மாத்திரையை இலவசமாகச் சேர்த்துவிட்டது.

"போடறேங்கண்ணி. வால்பாறைக்குத்தான் எடுத்துட்டுப் போக மறந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் நிறைமதி தலையைச் சட்டென்று திருப்பினாள். சீப்பு முடியிலேயே தொங்கியது. எட்டி அட்டையை எடுத்துப் பின்புறம் பார்த்தாள். பயோட்டின் என்ற வைட்டமின்.

அவள் வேலை பார்ப்பது கால்நடை நோய்ச் சோதனைச் சாலையில். பண்ணைக்காரர்கள் மாட்டின் குளம்பு உறுதிப்படத் தீவனத்தில் பயோட்டின் கலப்பார்கள். மாட்டு ரத்தம் வந்தால் தீவனத்தில் அது உண்டா என்று இவள் கேட்பாள், உண்டென்றால் திருப்பி அனுப்புவாள். தீவனத்தை நிறுத்துங்கள், மூன்று நாள் கழித்து எடுத்து வாருங்கள் என்பாள். மாட்டுக்குக் கேட்ட கேள்வியைத் தனக்குக் கேட்டுக்கொள்ள இதுவரை தோன்றவில்லை.

"அண்ணி, இந்த மானிக்குள்ள ஒரு தட்டு இருக்கு. தட்டு நிறைய கொக்கி. ஹார்மோனை ரெண்டு பக்கமும் ரெண்டு பொருள் பிடிச்சுக்கும். ஒண்ணு வெளிச்சம் குடுக்கும். இன்னொண்ணுக்கு வால் மாதிரி பயோட்டின் இருக்கும். அந்த வால் போய்க் கொக்கில மாட்டிக்கும். அப்புறம் தண்ணி ஊத்திக் கழுவிட்டு, தங்கின வெளிச்சத்தை அளக்கும். வெளிச்சம் எவ்வளவோ, ஹார்மோன் அவ்வளவு."

"சரி."

"நம்ம ரத்தத்துல மாத்திரையோட பயோட்டின் மிதந்துட்டே இருந்தா?"

முடியில் தொங்கிய சீப்பை அண்ணி உருவினாள். "அதுவே எல்லாக் கொக்கியிலயும் போய் உக்காந்துக்கும்."

"ஆமாங்க. ஹார்மோனுக்கு இடமில்ல. கழுவறப்ப அடிச்சுட்டுப் போயிரும். வெளிச்சம் கம்மி. எண்ணும் கம்மி."

எண் குறைந்தால் பயம். பயந்தால் முடி கொட்டும். கொட்டினால் இன்னொரு மாத்திரை. ஊரில் எத்தனை கைகள் சிவந்திருக்கின்றன.

"அப்ப என்னோடது?" என்றாள் அண்ணி.

வியாழக்கிழமை அவர்கள் மருத்துவமனைக்குப் போகவில்லை. அழைப்பு வந்துகொண்டே இருந்தது. சுகந்தன் ஒவ்வொரு முறையும் வெளிறிப்போய் அதைத் துண்டித்தான். இரண்டு பெண்களும் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நிறைமதிக்கு 2.2 காட்டியது. அண்ணிக்கு 1.3. மிச்சமிருந்த ஒற்றைச் சினைப்பையிலிருந்து.

அண்ணி அழவில்லை. வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்தத திருப்பி வைப்பாங்களா மதி?"

"வைக்கலாங்கண்ணி. ஆனா வெச்சதெல்லாம் பொழைக்காது."

"நல்லா இருந்ததக் குடுத்துட்டு, கேக்கு வாங்கிக் குடுத்தேன்டி எல்லாருக்கும். தப்பிச்சுட்டேன்னு."

நிறைமதி நடந்ததை எழுதியனுப்பியதும் நிறுவனம் எல்லோருக்கும் ஒரு செய்தி விட்டது. கூந்தல் மாத்திரையை நிறுத்தவும், சினைமானியைத் தொடர்ந்து அணியவும் என்று. அன்று மாலையே அவளுடைய அலுவலகப் பெண்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்த எண் நிஜம், எந்த நாள் எண் நிஜம் என்று கேட்டார்கள். கடையில் வேறு பெயரில் முடி மாத்திரை விற்பனை கூடியிருந்தது. அதிலும் பயோட்டின்தான்.

நிறைமதி அவர்கள் எதிரிலேயே தன் வில்லையை உரித்து எடுத்தாள். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னாள். சினைமானியைக் கழற்றிவிடுங்கள். எண் உண்மையிலேயே தேவைப்படும்போது, எந்த முடி மாத்திரையானாலும் நிறுத்தி மூன்று நாள் பொறுத்து, சோதனைச் சாலையில் ஒரே ஒரு முறை ரத்தம் கொடுங்கள்.