ஆமோஸ் டல்லின் கட்டில்

பழைய ராணுவக் கோட்டையைக் காட்சிக்கு வைத்திருக்கும் பூங்காவைப் பூட்டுமுன், கொட்டடியில் அந்தக் காலச் சிப்பாய்களின் காலிக் கட்டில்களைச் சரிசெய்வது மார்லிஸின் வேலை. பூட்ஸெல்லாம் முனை வெளியே தெரிய, கட்டிலடியில் இருக்க வேண்டும். இன்று ஆமோஸ் டல்லின் பூட்ஸ் மட்டும் கட்டிலைப் பார்த்து நின்றது, யாரோ படுக்கப் போவதுபோல.

"டுவேன், இந்த வெளையாட்டு என்கிட்ட வேணாம்."

வாசலில் நீலச் சீருடையின் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணவன் சிரித்தான். "இந்தத் தொப்பைய வச்சுக்கிட்டு நான் குனிஞ்சேனாக்கும்? டல்லையே கேளு. நான் போய் காரைச் சூடாக்கறேன்."

டல் காலராவில் செத்து நூற்றைம்பது வருஷமாகிறது. கொடியிறக்கும்போது சார்ஜண்ட் வேஷம் போடுபவர் அந்தக் காலச் சிப்பாய்களின் பெயர்களைக் கூப்பிடுவார். செத்தவன் பெயர் வந்தால் மற்றவர்கள் "இறந்துட்டான், சார்ஜண்ட்" என்பார்கள். அதுதான் இங்கே வழக்கம். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று புது மேலாளர் அந்தப் பதிலை நிறுத்தினார். கோடை முழுக்க டல்லின் பெயருக்குச் சிப்பாய் வேஷத்தில் டுவேன், "இருக்கேன், சார்ஜண்ட்!" என்று கத்தினான். கூட்டம் கைதட்டியது.

மார்லிஸ் பூட்ஸைத் திருப்பி வைத்தாள். உள்ளே ஈரம். நெப்ராஸ்கா சமவெளியின் பனிக்காற்று பலகைச் சுவரின் இடுக்குகளில் சீழ்க்கையடிக்க, நனைந்த கம்பளியும் மண்ணெண்ணெய் விளக்குப் புகையும், அவற்றுக்கு அடியில் புளித்த வாந்தியும் சேர்ந்த ஒரு வாடை டல்லின் கட்டிலிலிருந்து மெல்ல எழுந்தது. தலையணையில் ஒரு குழி. தொட்டாள்.

சூடாக இருந்தது.

வெளியே ஊதுகொம்பு ஒலித்தது. கொம்பொலியைப் போடும் ஒலிபெருக்கியைக் கழற்றி ஒரு மாதமாகிறது.

"ஆமோஸ் டல்!" மைதானத்தில் யாரோ பெயர் கூப்பிடும் குரல்.

"இருக்கேன், சார்ஜண்ட்!" இளம் குரல். டுவேனுடையது அல்ல.

"டுவேன் கெஸ்லர்!"

செத்தவனுக்காக 'இருக்கேன்' என்றவன் இனி செத்தவன் கணக்கில் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசலுக்கு ஓடினாள். "இருக்கான்! இங்கதான் இருக்கா—"

அவள் முதுகுக்குப் பின்னால், காலிக் கட்டில்களிலிருந்து, பல குரல்கள் ஒன்றாய்ச் சொல்லி முடித்திருந்தன.

"இறந்துட்டான், சார்ஜண்ட்."

மைதானத்துக்கு அப்பால் கார் உறுமிக்கொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. கொடிக்கம்பத்தடியில் டுவேனின் நீலச் சட்டை. தொப்பையில் மாட்டாத அந்தப் பொத்தான் மாட்டியிருந்தது. ஒல்லியான ஒருவன் மேல் சட்டை தொளதொளவென்று ஆடியது. அவன் காலில் பூட்ஸ் இல்லை.

அவன் திரும்பினான்.

"மார்லிஸ் கெஸ்லர்!" அதே குரல் கூப்பிட்டது.

வாய் திறந்தாள். நாக்கு அசையவில்லை.

பின்னால், இருட்டில், எல்லாக் கட்டில்களும் பதில் சொல்ல மூச்சை உள்ளிழுத்தன.