பூனைக்குட்டி வீட்டுக்கு வந்த கதை

"தாத்தா, பாத்ரூம் லைட் எங்க போடணும்?" என்று வாண்டு கேட்டாள்.

பெரியவர் விளையாட்டு என்று நினைத்தார். ஒரு வருஷமாக இதே வீட்டில் இருக்கிற பிள்ளை. சுவிட்ச் எட்டாவிட்டாலும் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, போட்டும் அணைத்தும் ஆட்டம் காட்டி, கரண்ட் பில்லை உங்க அப்பனா கட்டுறான் என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். "கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பியே, போடி" என்றார். அவள் போகவில்லை. நடைவழி இருட்டில் இரண்டு கையையும் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள். தடவுகிற சத்தம் மட்டும், காய்ந்த இலையை யாரோ தேய்க்கிற மாதிரி, விட்டு விட்டு வந்தது. சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது.

அவர் எழுந்து போய் லைட்டைப் போட்டார். வாண்டு அவரைப் பார்த்து, வேற்று வீட்டுப் பெரிய மனுஷனிடம் சொல்வது போல, "தேங்க்ஸ்" என்றாள்.

மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. ஜன்னல் எல்லாம் சாத்தி, வீட்டுக்குள் ஈரத்துணி வாடையும் பழைய செருப்பு வாடையும் கலந்து கிடந்தன. மகன் லிஃப்ட் மாட்டுகிற வேலையாக வெளியூர் போயிருந்தான். மருமகள் மருந்துக்கடையில் நின்றுவிட்டு இருட்டிய பிறகுதான் வருவாள். அதுவரை வீட்டில் கிழவரும் பிள்ளையும்தான். பிள்ளை இவர்கள் பெற்றதில்லை, காப்பகத்திலிருந்து கூட்டிவந்தது. வந்த புதிதில் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு சோறு தண்ணி வேண்டாம் என்று கிடந்தவள், எப்படியோ பழகி, கிழவரின் நெஞ்சில் தலை வைத்துத் தூங்குகிற அளவுக்கு வந்துவிட்டாள். அவரோ லேசில் யாரையும் நம்பாதவர். பால்காரன் தண்ணி ஊத்துறான், டாக்டர் காசுக்கு ஊசி குத்துறான் என்று நாளெல்லாம் பேசுகிறவர். ஆனால் அந்தச் சின்னத் தலையின் பாரம் நெஞ்சில் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

புத்தகத்தை மருமகள்தான் வாங்கிவந்தாள். ஜப்பான்காரன் வரைந்த மங்கா படக்கதையாம், நம்ம பாஷையில் போட்டிருக்கிறார்களாம். பூனைக்குட்டி படத்துக்கு இந்த விலையா என்று கிழவர் முதலில் எரிந்து விழுந்தார். பிறகு அவரே அதைக் கீழே வைக்கவில்லை. பெரிய கதை ஒன்றுமில்லை. ஒரு குட்டி, அதை வளர்க்கிற ஒரு ஆள். ஆளின் முகத்தைக் காட்டுவதேயில்லை, கையும் காலும்தான். குட்டி தன் வாலைப் பார்த்துத் தானே மிரண்டு எகிறும். தன்னைவிடச் சின்ன அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்து, நாலு பக்கமும் சதை பிதுங்க, மகாராஜா மாதிரிப் பார்க்கும். தரையில் விழுந்த வெயில் துண்டை ரெண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து, மெதுவாகத் தூக்கிப் பார்த்து, ஒன்றுமில்லாமல் அசடு வழியும்.

"உன்னை மாதிரியே திருட்டு முழி" என்பார்.

"உங்கள மாதிரிதான் குறட்டை" என்பாள்.

எழுத்தெல்லாம் பொடி. வெல்டிங் வேலை பார்த்து அந்த வெளிச்சத்தில் கெட்ட கண்ணுக்கு அது ஆகாது. போதாததற்கு நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு. படத்தைப் பார்த்து அவரே கதை கட்டிச் சொல்வார். முன்னட்டையைக் கொண்டுபோய்ப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். "பார்றி, அட்டைகூட ஒழுங்கா ஒட்டத் தெரியல. இவனுங்களையெல்லாம் யாரு வேலைக்கு வச்சது?" என்று சொல்லி, எந்தப் புத்தகத்தையும் திறக்கிற மாதிரி இதையும் இடது பக்கமாகத் திறந்துகொண்டார்.

முதல் நாள் பார்த்தது, குட்டி அந்த ஆளின் நெஞ்சில் சுருண்டு தூங்குகிற படம். அன்று ராத்திரி வாண்டு அவரிடம் படுக்க வரவில்லை. குளிருக்கு அம்மாவிடம் ஒட்டிக்கொண்டாள் என்று விட்டுவிட்டார். அடுத்த நாள் பக்கத்தில், பேர் சொல்லிக் கூப்பிட்டால் குட்டி ஓடிவந்தது. அதற்கடுத்த பக்கத்தில் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவேயில்லை. சாயங்காலம் "வாண்டு, வாண்டு" என்று அவர் தொண்டை கிழியக் கத்தியபோது, பிள்ளை வேறு யாரையோ கூப்பிடுகிறார் போலிருக்கிறது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

இன்றைக்கு மத்தியானம் பார்த்த பக்கம், பாத்ரூம் லைட்டைப் போட்ட பிறகு, இப்போதுதான் ஞாபகம் வந்தது. குட்டி வீட்டுக்குள் வழி தெரியாமல் சுவர் சுவராக முகர்ந்துகொண்டு போனது.



மருமகள் வந்ததும், பிள்ளை நடந்துகொள்வதைச் சொல்லி, ஏன் இப்படி என்று கேட்டார். அவள் குடையை உதறிக்கொண்டே, "புது டீச்சர் மாமா, திட்டியிருப்பாங்க. குழந்தைங்க அப்படித்தான் ரெண்டு நாள் சுருங்கிக்கும். நீங்க அதுக்குள்ள செய்வினை, சூனியம்னு ஆரம்பிச்சுடாதீங்க" என்றாள்.

"நான் எங்கம்மா ஆரம்பிச்சேன்? கேட்டேன்."

"உங்க கேள்வியே பயமாத்தான் இருக்கு."

அவர் புத்தகத்தை அலமாரி மேல் தூக்கி எறிந்தார். படுத்தார். எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தார். திரும்பப் படுத்தார். ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது. மாடிப்படியில் மழைத்தண்ணி ஒவ்வொரு படியாகச் சொட்டி இறங்குகிற சத்தம், யாரோ சின்னக் காலால் மெதுவாக இறங்கிப் போகிற மாதிரியே கேட்டது. மறுபடி எழுந்து போய்ப் பிள்ளை இருக்கிறாளா என்று பார்த்தார். இருந்தாள். கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

மறுநாள் பகல் முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் அடுத்து என்ன வருகிறது என்று தெரியாமல் எப்படி உட்கார்ந்திருப்பது? தெரிந்தால் தடுக்கலாமே. முக்காலி போட்டு ஏறி எடுத்தார். தூசியோடு அவசரமாகப் புரட்டினார். தட்டு நிறையச் சோறு, குட்டி தொடவில்லை. பீரோவுக்கு அடியில் கறுப்பு. கறுப்புக்குள் இரண்டு கண். அதற்குப் பிறகு ஒரே ஒரு பக்கம். அதைத் திருப்பாமல் மூடிவிட்டார்.

உள்ளறைக்குப் போனார். மத்தியானம் வைத்த தட்டு வைத்தபடியே காய்ந்திருந்தது. குனிந்தார். கட்டிலுக்கடியில், சுவரோடு சுவராக, வாண்டு. முழங்காலைக் கட்டிக்கொண்டு. மூச்சு மட்டும் சின்னதாக.

"கண்ணு, நான்தான். தாத்தா."

அவள் இன்னும் உள்ளே தள்ளிப் போனாள்.

மருமகளுக்குப் போன் போட்டார். கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது. புத்தகத்தைப் பற்றித் தட்டுத் தடுமாறிச் சொன்னார். எந்த வரிசையில் பார்த்தாரோ அந்த வரிசையில்.  அவள் சிரித்துவிட்டாள்.

"ஐயோ மாமா! அத வலது பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும். நம்ம புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம்தான் அதுக்கு முதல் பக்கம். ஒரு பக்கத்துல இருக்கிற படக் கட்டங்களையும் வலது பக்கத்துலேருந்துதான் பாக்கணும். நீங்க கடைசியிலேருந்து சொல்லிட்டு வந்தீங்களா? வீடு பழகி, பேரு பழகி, நெஞ்சுல ஏறிப் படுத்த குட்டியை, ஒவ்வொண்ணா மறக்க வச்சு வெளிய அனுப்பிட்டீங்களே!"

"அந்த முதல் பக்கத்துல என்னம்மா இருக்கு?"

"தெருவுல, மழையில நனைஞ்சுகிட்டு இருக்கும். அந்த ஆளு வந்து தூக்குவாரு. அங்கதான் கதையே ஆரம்பம். சரி மாமா, ஆளுங்க நிக்கிறாங்க, வச்சிடறேன்."

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்படியென்றால் வழி இருக்கிறது. திருப்பிப் பார்த்துக் கெட்டது, நேராகப் பார்த்தால் சரியாகத்தானே வேண்டும்? முதல் பக்கத்திலிருந்து, முறைப்படி. தூக்குவதிலிருந்து தொடங்கி, சோறு, பேரு, நெஞ்சு வரைக்கும். ஒன்று விடாமல்.

விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். புத்தகத்தைத் திருப்பி வைத்தார். வலது கை விரலை வலது ஓரத்தில் ஊன்றிக்கொண்டார். இங்கேதான். இங்கிருந்துதான். அட்டையைத் திறந்தார்.

ஒரே வரிசையில் நாலு கட்டம்.

விரல் வலது பக்கம் இருந்தது. எழுபது வருஷமாக இடது பக்கம் தொடங்கிப் பழகிய கண் இடது பக்கம் போய்விட்டது.

இரண்டு கைக்குள் குட்டி. பிறகு, வெறும் கை. பிறகு, நடக்கிற கால். பிறகு தெருவிளக்கு, மழை, குட்டி.

கண்ணை இறுக்கி மூடினார். பார்த்தாகிவிட்டது.

வாசல் தாழ்ப்பாள் விலகியது. மழைச் சத்தம் திடீரென்று வீட்டுக்குள் வந்தது.

கட்டிலுக்கடியில் யாருமில்லை.

செருப்பில்லாமல் ஓடினார். படி. ஈரம். கைப்பிடிச் சுவர் வழுக்கியது. தெருவில் ஆளில்லை, கடைகள் சாத்திக் கிடந்தன, சாயங்காலமே கன்னங்கரேல் என்று இருந்தது. தூரத்தில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. அதை நோக்கி வாண்டு போய்க்கொண்டிருந்தாள், அவசரமில்லாமல், தன் இடத்துக்குப் போகிறவள் மாதிரி.

விளக்கடியில் பிடித்துவிட்டார். அப்படியே வாரித் தூக்கி நெஞ்சோடு அமுக்கினார். நனைந்த தலைமயிர் வாசம். எலும்புக்குள் படபடவென்று அடிக்கிற சின்ன இதயம். "பிடிச்சுட்டேன்டி. போகமுடியுமா என்னை விட்டு? பிடிச்சுட்டேன்ல?"

அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். உதடு நடுங்கியது. "தாத்தா" என்றாள். "குளிருது தாத்தா. வீட்டுக்குப் போலாம்."

அவளேதான். முழுசாக அவளேதான்.

அப்போது அவர் முதுகு குனியத் தொடங்கியது.

அவர் குனியவில்லை. முதுகு குனிந்தது. பல்லைக் கடித்து நிமிரப் பார்த்தார். கை இறங்கியது. இறங்கிக்கொண்டேயிருந்தது. வாண்டுவின் கால் தரையில் பட்டது.

"தாத்தா?"

விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. பிள்ளை அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் கையே அந்தப் பிடியை விலக்கியது, மெதுவாக, பொறுமையாக. இப்போது வெறும் கை, இரண்டாம் கட்டத்தில் பார்த்தது போலவே.

வலது கால் பின்னால் போனது. பிறகு இடது கால்.

கத்தினார். வாய் திறக்கவில்லை. முகம் அவளைப் பார்த்தபடியே. கண் அவளைப் பார்த்தபடியே. குதிகால் மட்டும் பின்னால் தரையைத் தேடித் தேடி ஊன்றியது. இன்னொரு அடி. இன்னொரு அடி.

விளக்கடியில் வாண்டு இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு நின்றாள், தூக்கச் சொல்லி. நடுவில் மழை, பேனாவால் இழுத்த கோடு மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக, அடர்த்தியாகிக்கொண்டே வந்தது.