விக்கிரவாண்டியில் விழுந்த மஞ்சள் கார்

ஞாயிறு காலை எட்டு மணி. விக்கிரவாண்டி தாண்டி, திண்டிவனம் போகும் சாலையோரத்தில் சடலம் கிடந்தது. மஞ்சள் நிறம். நான்கு சக்கரம், இரண்டே இருக்கை. பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ரோந்து ஜீப்பிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் இசைவாணி இறங்கினார்.

"என்ன சார் ஆச்சு? லாரி வர்ற ரோடு இது."

"கொலை மேடம்," என்றார் கோகுலகிருஷ்ணன்.

கோலியனூர்க்காரர். பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களை வைத்து, வீட்டு ஷெட்டிலேயே காரைக் கட்டி முடித்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து நம்பர் வாங்கியவர். சொந்தக் கையால் கட்டிய கார்களுக்கு இன்று திண்டிவனத்தில் ஒரு கண்காட்சி. மனைவி கலைப்பிரியாவோடு அதற்குத்தான் கிளம்பினார். கிளம்பி என்ன பிரயோஜனம்?

"ஆளு யாருன்னும் தெரியும் மேடம். தமிழ்மணி. கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கோங்க. அதோ, எங்க பின்னாலயே வந்து நின்னுக்கினு வேடிக்க பாக்குறான் பாருங்க!"

தூரத்துப் புளியமரத்தடியில் மொபெட்டோடு நின்ற ஆள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தமிழ்மணி கோகுலகிருஷ்ணனுக்குப் பள்ளிக்கூட நாள் சிநேகிதர். காரின் உடம்பைத் தட்டி நிமிர்த்தி, அந்த மஞ்சளை அடித்ததும் அவர்தான். வேலை முடியப்போகும் நேரத்தில் இருவருக்கும் ஏதோ வாக்குவாதம். கோகுலகிருஷ்ணன் கோபத்தில், "நீ வெறும் பெயிண்டு அடிக்கிறவன்தானே!" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. இருந்தாலும் இன்றைக்கோ நாளைக்கோ சரியாகிவிடும் என்று கலைப்பிரியா நம்பிக்கொண்டிருந்தார். போலீஸ் புகார் ஆகிவிட்டால் அந்த நம்பிக்கையும் போச்சு.

"வேணாங்க," என்று மனைவி கணவரின் கையைப் பிடித்தார். "கேஸ் போட்டுட்டா அப்புறம் அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"நீ சும்மா இரு."

"எழுதறது இருக்கட்டும்," என்றார் இசைவாணி. "முதல்ல பெட்ரோல் இருக்கான்னு பாருங்க."

"அது ஃபுல்லா இருக்குது மேடம்." அலுத்துக்கொண்டே பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு கேட்டது. பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது. மூடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கார் உறுமியது.

"பாத்தீங்களா? இதான் பேஜாரு! செத்த வண்டி போலீஸப் பாத்ததும் எழுந்துக்குது!"

"ஆஃப் பண்ணுங்க. எப்பலருந்து இப்படி?"

"போன அமாவாசைல இருந்து."

"எங்க நிக்கும்?"

"பக்கத்துல கடைக்கு போனா ஒண்ணும் ஆவறதில்ல. கொஞ்ச தூரம் போனா பொட்டுனு நின்னுடும்."

"மெக்கானிக்கிட்ட காட்டினீங்களா?"

"விருத்தாசலம்னு ஒருத்தர் பாத்தாரு. டேங்கக் கழட்டி வுட்டுட்டு, பாட்டில்ல பெட்ரோல ஊத்தித் தொங்கவுட்டு, அதுலருந்தே அரை நாள் ஓட்டினாரு. நிக்கவே இல்ல. இன்ஜின் தங்கம்னு சொல்லிட்டாரு."

"தமிழ்மணி மேல ஏன் சந்தேகம்?"

"ஷெட்டுக்கு இன்னொரு சாவி அவன்கிட்ட இருக்குது. அமாவாசை அன்னிக்குக் காலைல ஷெட்லருந்து வெளிய வந்தத இவளே பாத்தா."

இசைவாணி கலைப்பிரியா பக்கம் திரும்பினார். "எப்படி இருந்தாரும்மா?"

"எப்படின்னா? குளிச்சிட்டு, ஈரத்தலையோட, நெத்தில பட்டையா துண்ணூறு பூசிக்கினு இருந்தாருங்க. என்னப் பாத்ததும் ஜல்தியா கிளம்பிட்டாரு."

"அதோட வுட்டானா?" என்று குறுக்கிட்டார் கோகுலகிருஷ்ணன். "தரையில கருகின கறை மேடம். காருக்கு நெருப்பு வெக்கப் பாத்திருக்கான்!"

"எவ்ளோ பெருசு கறை?"

"ஒரு ரூபா காசு அளவு இருக்கும்."

இசைவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்க டேங்குக்குள்ள காத்து எந்த வழியா போவுது சார்?"

"பின்னாடி நம்பர் பிளேட்டுக்கு உள்பக்கமா ஒரு சின்ன ரப்பர் குழாய் வரும். டேங்க் வேலையெல்லாம் அவன் கோவிச்சிக்கினு போனதுக்கு அப்புறம் நானே தனியா பண்ணது."

"அந்தக் குழாயப் பாத்தீங்களா?"

"இன்ஜினையே பாத்துக்கினு இருந்தேன்…"

அதிகாரி யூனிஃபார்மைப் பற்றிக் கவலைப்படாமல் காரின் பின்னால் மண்டியிட்டார். செல்போன் வெளிச்சத்தில் கையை உள்ளே விட்டார். எழுந்தபோது கையில் ஒரு கறுப்புக் கயிறும், அதில் முடிந்த படிகாரத் துண்டும் இருந்தன.

"குற்றவாளி தமிழ்மணிதான். நீங்க சொன்னது சரி சார்."

கோகுலகிருஷ்ணன் கயிற்றை உற்றுப் பார்த்தார். எந்த வீட்டு வாசலிலும் எந்த லாரியிலும் தொங்கும் திருஷ்டிக் கயிறு அது என்று அவருக்கும் தெரியும்.

"பெட்ரோல் வெளிய போவப் போவ, டேங்குக்குள்ள காத்து வரணும். இந்தக் கயிறு குழாய இறுக்கிப் புடிச்சிருக்குது. கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் மூச்சு முட்டி நின்னுடும். மூடியத் திறந்தா உஸ்ஸுனு காத்து உள்ள போவும், வண்டி எழுந்துக்கும். விருத்தாசலம் டேங்கே இல்லாம ஓட்டினாரு, அதான் நிக்கல. தரையில இருந்த கறை, கற்பூரம் ஏத்தின இடம். அது கெடக்கட்டும் சார். வண்டியக் கெடுக்க வர்றவன் எவனாச்சும் தலைக்குக் குளிச்சிட்டு, பட்டை போட்டுக்கினு வருவானா? இதுதான் உங்க கண்ணுல படல."

அதற்குள் தமிழ்மணி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்திருந்தார். கயிற்றைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அது எதுக்கு வெச்ச குழாய்னு எனக்குத் தெரியாது மேடம். ஊரே வண்டிய கண்ணு வெச்சிக்கினு இருந்துச்சு. வெளியில கட்டினா இவன் அறுத்துப் போட்டுடுவான், மூடநம்பிக்கைனு கத்துவான். அதான் உள்ளாற கட்டினேன்."

"இன்னிக்கு ஏண்டா பின்னாடியே வந்த?" என்று கேட்டார் கோகுலகிருஷ்ணன்.

"அடிக்கடி நின்னுடுதுன்னு கேள்விப்பட்டேன். வழியில நின்னா, தள்ள ஒரு ஆள் வேணாமா?"

கோகுலகிருஷ்ணன் நண்பரின் பக்கத்தில் போய் நின்றார். இந்த ஆளைப் போய் லாக்கப்பில் தள்ளப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது ரொம்பத் தப்புடா. மன்னிச்சிடு."

"தப்புதான்," என்றார் தமிழ்மணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ரெண்டு தடவ பாலிஷ் போட்டேன் தெரியுமா அந்த பானெட்டுக்கு?"

"கம்ப்ளெய்ன்ட் எழுதலாமா சார்?" என்றார் இசைவாணி.

பதில் சொன்னது கலைப்பிரியா. காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்து, தமிழ்மணியின் கையிலிருந்து மொபெட்டை வாங்கினார். "அண்ணா, நீங்க கார்ல ஏறுங்க. நான் இதுல வர்றேன்."

"ஹெல்மெட் போட்டுக்கினு போங்கம்மா," என்றார் இசைவாணி.

அதன்பிறகு கார் எங்கேயும் நிற்கவில்லை. திண்டிவனம் போய்ச் சேரும்வரை, உள்ளே இருந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவில்லை.