கடல் தண்ணீர் லோடு

முந்தல் சோதனைச்சாவடி தாண்டி மலைப்பாதையின் முதல் வளைவில் ஜீப்பு இடப்பக்கம் திரும்பியதும், பின்னால் கட்டியிருந்த கேன்களில் தண்ணீர் வலப்பக்கம்தான் மோதியிருக்க வேண்டும். வருசக்கணக்காக மீன் பைகளையும் தண்ணீர் கேன்களையும் வண்டியில் ஏற்றி இறக்குகிறவன் பால்ராஜ். வண்டி எந்தப் பக்கம் திரும்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் தளும்பும் என்பது அவன் முதுகுக்கே தெரியும். தண்ணீர் இடப்பக்கம் போய் மோதியது.

அடுத்த வளைவு வலப்பக்கம். தண்ணீரும் வலப்பக்கமே சாய்ந்தது. அதற்கடுத்த வளைவில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். வண்டி எப்படித் திரும்பினாலும் தண்ணீர் பள்ளத்தாக்கு இருக்கிற பக்கமாகவே சாய்ந்தது. சாய்ந்தது திரும்பி வரவில்லை. கேன்களின் வெள்ளைப் பிளாஸ்டிக் வழியாக அந்தச் சாய்ந்த மட்டம் தெளிவாகத் தெரிந்தது.

"சோலை, கயிறு கியிறு தளந்துருச்சா?"

"இறுக்கித்தான் கட்டியிருக்கேண்ணே. ஆனா லோடு ஒரு பக்கமாவே இழுக்குது. ஸ்டியரிங் கனக்குது," என்றான் சோலைமலை. மலையுச்சியில் இருக்கிற மெட்டுக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்பு அவனுடையது. இந்தப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவான் என்று பெயர்.

பால்ராஜுக்குப் போடியில் வண்ண மீன் கடை. மெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் பங்களாவில் சுவர் நீளத்துக்குக் கடல்மீன் தொட்டி ஒன்றை ஜக்கையன் முதலாளிக்கு அவன்தான் அமைத்துக் கொடுத்திருந்தான். நீல விளக்கு, அலையடிக்க வைக்கும் மோட்டார், அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் குழாய், மீனுக்கு உறைய வைத்த இறால் கட்டி, பவளத்துக்குத் தூள் தீனி, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது. பாக்கெட் உப்பைக் கரைத்து ஊற்றித்தான் இத்தனை நாளும் தொட்டி ஓடியது. இந்தத் தடவை முதலாளி நிஜக் கடல் தண்ணீர் கேட்டார், கடலிலேயே பிறந்த பவளமும் கேட்டார். பவளத்தைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம் என்று பால்ராஜுக்குத் தெரியும். அவன் மனைவி ஜெயபாக்கியம் வேறு மாதிரி சொன்னாள். "அது என்ன செடியாங்க, பிடுங்கிட்டு வந்து நட? உசுரு. அதுக்கும் ஒரு வீடு வாசல் இருக்கும்ல." அவன் தலையாட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான்.

அன்றைக்கு விடியுமுன் கடலில் தொடையளவு நின்று கேன்களை நிரப்பும்போது தண்ணீர் வற்றிக்கொண்டுதான் இருந்தது. படகுக்காரன் பவளத்தைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்த பிறகு, பால்ராஜ் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேற ஏற, கடலும் கூடவே ஏறி வந்து அவன் கால்தடங்களை ஒவ்வொன்றாக நக்கியது. அப்போது அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அந்தப் பெட்டி அவன் மடியில் இருந்தது. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் அதன் மூடியில் கொசு மாதிரி ரீங்கரித்தது. எப்போதும் டீசலும் பச்சை ஏலக்காயும் சாக்கும் கலந்து மணக்கும் ஜீப்பு, இன்றைக்கு நனைந்த வலையும் அழுகிய பாசியுமாக நாறியது. ஜன்னலைத் திறந்தால் நாற்றம் போகும் என்று திறந்தான். வெளியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

பாறை ஊற்று விழுகிற வளைவுக்கு வந்தபோது போன் அடித்தது. ஜெயபாக்கியம்.

"ஏங்க, கடையில மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. எல்லாத் தொட்டியிலயும்."

"கரண்டு இருக்கா? மோட்டாரு ஓடுதா?"

"ஓடுது. குமிழி நல்லாத்தான் வருது." கொஞ்சம் தயங்கினாள். "தண்ணி கரிக்குதுங்க."

"எந்தத் தண்ணி?"

"தங்கமீன் தொட்டித் தண்ணி. விரலை விட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். மத்தியானம் சாப்பிட வந்தப்ப அந்தக் கேனு எதையும் இதுல ஊத்துனீங்களா?"

"நான் கேனை இறக்கவே இல்லையே, பாக்கியம்."

"அடுப்படிக் குழாயும் கரிக்குது. பாப்பா ஒரு வாய் குடிச்சுட்டுத் துப்பிட்டா. வெளிய ஒரே பனியா இருக்கு. எதுத்த வீடு தெரியல."

"பாப்பாவைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போ."

"எதுக்கு?"

சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தான். கிடைக்கவில்லை.

ஆனி மாதத்தில் மேகம் மேலிருந்துதான் வரும். கேரளத்துப் பக்கமிருந்து மெட்டைத் தாண்டி, மலைத் தோளில் வழிந்து கீழே இறங்கும். அன்றைக்கு மேலே வானம் பளிச்சென்று இருந்தது. கீழேதான் போடி இல்லை. மாந்தோப்பும், தென்னையும், ரயில் பாதையும், கோயில் கோபுரமும் இருக்க வேண்டிய இடம் முழுக்க ஒரே வெள்ளை. அந்த வெள்ளை மலையடிவாரத்தில் மோதிச் சற்றுப் பின்வாங்கி, திரும்ப வந்து, முன்னைவிடக் கொஞ்சம் மேலே மோதியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே. கூடவே அடி வயிற்றில் கேட்கிற மாதிரி ஓர் இரைச்சல்.

"காத்து," என்றான் சோலைமலை, பால்ராஜ் கேட்காமலேயே.

ஒரு மரத்தில்கூட இலை அசையவில்லை.

மேலிருந்து தோட்டத்து ஜீப்பு ஒன்று சோலி முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தது. சோலைமலை கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தான். "கீழ போகாதீங்க, ஒரே பனியா இருக்கு."

"பனிக்குப் பயந்தா வீட்டுல ஒலை வைக்கிறது யாரு?" என்று ஒருத்தி சிரித்தாள். வண்டி போய்விட்டது. கீழே இரண்டு வளைவு தள்ளி அது வெள்ளைக்குள் நுழைவதைப் பால்ராஜ் எட்டிப் பார்த்தான். முகப்பு விளக்கு பச்சையாக மாறியது. எஞ்சின் இருமியது, கொப்பளித்தது, நின்றது. விளக்கு மட்டும் அணையாமல், மெல்ல ஆடிக்கொண்டே, பாதையை விட்டு விலகிக் கீழே கீழே போயிற்று. விழவில்லை. அமிழ்ந்தது.

யாரும் கத்தின சத்தம் இல்லை.

சோலைமலை வண்டியைக் கிளப்பிய வேகத்தில் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பால்ராஜின் மடியில் பெட்டி கனத்தது. பம்ப்பின் ரீங்காரம் மண்டைக்குள் குடைந்தது. சுவிட்சை அணைத்தான். ரீங்காரம் நின்றது. பெட்டிக்குள் குமிழி வரும் சத்தம் நிற்கவில்லை.

"நிறுத்து சோலை. இதையெல்லாம் கொட்டிருவோம்."

"வெரசாக் கொட்டுங்கண்ணே," என்றான் அவன். எதற்கு என்று கேட்கவில்லை.

தடுப்புச் சுவர் ஓரம் வண்டியை நிறுத்தி, இரண்டு பேருமாகக் கேன்களை இழுத்துச் சாய்த்தார்கள். தண்ணீர் தாரில் பரவவில்லை. பாம்பு போல ஒரே கோடாக ஓடி, தடுப்புச் சுவரின் ஓட்டை வழியாகக் கீழே விழுந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை. தார் காய்ந்தே இருந்தது.

பால்ராஜ் பெட்டியைத் திறந்தான். பயணத்தில் பவளம் பயந்து சுருங்கித்தான் கிடக்கும். தொட்டியில் வைத்து, விளக்கை அணைத்து, ஒரு ராத்திரி போனால்தான் மெதுவாக விரல் நீட்டும். இது முழுக்க விரிந்திருந்தது. நூறு நூறு சின்ன விரல்கள். பச்சைக் குழந்தை உள்ளங்கையை விரிக்கிற மாதிரி விரிந்து, எல்லாம் பள்ளத்தாக்கைப் பார்த்து வளைந்திருந்தன. தண்ணீர் அசையவில்லை. விரல்கள் அசைந்தன.

பெட்டியோடு தூக்கி எறிந்தான்.

பாறையில் மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். கேட்டது தண்ணீரில் விழும் சத்தம். மிகக் கிட்டத்தில்.

"குடுத்தாச்சு," என்று பள்ளத்தைப் பார்த்துச் சொன்னான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "எடுத்ததைக் குடுத்தாச்சு."

வெள்ளை பின்வாங்கியது. இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். அது பின்வாங்கிக்கொண்டே போனது, கீழ் வளைவுகள் ஒவ்வொன்றாக, நனைந்து, கறுத்து, மணல் படிந்து வெளியே வந்தன. அலை பெரிதாக வருமுன் இப்படித்தான் பின்வாங்கும் என்பது பால்ராஜுக்குப் பிறகுதான் உறைத்தது.

திரும்பி வந்தபோது அது தடுப்புச் சுவர் மட்டத்துக்கு நின்றது. நனைக்கவில்லை. குளிர்ந்தது. உதட்டில் உப்பு.

சோலைமலை சுவரில் கையூன்றி எட்டிப் பார்த்தான். "அண்ணே, உள்ள ஆளுக நிக்கிறாங்க."

"பாக்காத. வண்டிய எடு."

"எங்க வீட்டுக்காரி நிக்கிறாண்ணே." அவன் முகத்தில் பயமே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் தெரிந்தவர்களைக் கண்டவன் மாதிரி இருந்தது. "இந்தா வர்றேன் புள்ள," என்றான். காலைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தான். பால்ராஜின் கைக்கு அவன் சட்டை நுனி சிக்கி, நழுவியது. விழுகிற சத்தம் இல்லை.

வண்டிச் சாவி சோலைமலையின் சட்டைப்பையில் இருந்தது.

பால்ராஜ் ஓடினான். மெட்டைப் பார்த்து. ஏற்றத்தில். செருப்பு ஒன்று கழன்றது. மூச்சு இரைத்தது. பின்னால் ஜீப்பு மூழ்கியது. உலோகம் முனகும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. அவன் ஓடினால் வெள்ளையும் ஏறியது. நின்றால் நின்றது. அவசரமே இல்லை அதற்கு.

அடுத்த வளைவு. கால் பின்னியது. தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பாதே என்று சொல்லிக்கொண்டான். சட்டைப்பையில் போன் அடித்தது.

பாக்கியம்.

திரும்பினான்.

வெள்ளைக்கு அடியில் போடி தெரிந்தது. தெரு விளக்குகள் எரிந்தன, பச்சையாக, கலங்கலாக. அங்கிருந்து மேலே, மலைச்சரிவு முழுக்க, ஊரே எழுந்து நின்றது. கடைக்காரர்கள். ஏலக்காய் பொறுக்கும் பெண்கள். தோட்டத்து ஜீப்பில் சிரித்தவள். சோலைமலை. ஒருவர் காலும் எதிலும் ஊன்றியிருக்கவில்லை. தலைமுடி மேல்நோக்கி மிதந்தது. அலை வந்தபோது எல்லாரும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தார்கள். போனபோது சேர்ந்து நிமிர்ந்தார்கள்.

முன்வரிசையில், அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில், ஜெயபாக்கியம். இடுப்பில் பாப்பா. காதில் போனை வைத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல், அவன் எடுப்பதற்காகக் காத்திருந்தாள்.