கரடிக்குத் திறந்த நீர்வாயில்

மேற்கே செவ்வானம் மங்குமுன்பே கிழக்கே முழுமதி எழுந்து பவானி நதியின் நீர்ப்பரப்பை வெள்ளியாய் மினுக்கிய அந்த அந்திப் பொழுதில், எண்குன்றக் கோட்டையின் நீர்வாயிலருகே இளவரசி இளவெயினி, திறவுகோலைப் பற்றி நின்றிருந்தாள். வெளியே ஒரு கரடி காத்திருந்தது.

சிரிக்காதீர்கள், அன்பு வாசகர்களே! அவளுடைய குலமுதல்வியை வெள்ளத்திலிருந்து கரைசேர்த்தது ஒரு கரடி என்பதால், எண்குன்றத்தார் கரடிமீது ஆயுதம் ஓங்குவதில்லை. அந்தியில் வரும் கரடிக்கு அரசகுலக் கன்னி தன் கையால் தேன் வைப்பதும் வழக்கம். அப்படித் தேன் வைக்கப் போனவளிடம்தான் சென்ற மாரிக்காலத்தில் ஒரு கரடி மனிதக் குரலில் பேசிற்று. தான் முனிவரின் சாபத்தால் உருமாறிய அரசகுமாரன் என்றும், தன்னை நேசிக்கும் பெண் தானே கதவைத் திறந்து உள்ளே அழைத்தால் சாபம் தீரும் என்றும், பின் அவளையே மணப்பேன் என்றும் சொல்லிற்று. அதுமுதல் அந்திதோறும் வந்தது. பத்தொன்பது வயதுப் பெண் உருகிப்போனாள். பெண் கேட்டு வந்த மன்னர்களையெல்லாம் மறுத்தாள். அரசனான தமையன் மழவூராரை எதிர்த்துப் போர்முனையிலிருந்ததால், கோட்டையும் அதிலுள்ள அத்தனை உயிர்களும் இப்போது அவள் பொறுப்பில் இருந்தன.

கதவு திறந்தது. "உள்ளே வாருங்கள், பிரபு" என்றாள்.

கரடி வந்தது. தோல் தானாக உதிரும் என்று அவள் பார்த்திருக்க, கரடியோ மோவாய்க்கடியில் கைவிட்டு ஒரு வாரை அவிழ்த்தது. சாபத்துக்கு முடிச்சு எதற்கு?

உள்ளிருந்து அழகிய வாலிப முகம் ஒன்று வெளிப்பட்டது.

"தாங்கள் யார்?"

"மழவூர்ப் படைத்தலைவன் விடங்கன். அக்கரை நாணலில் என் படகுகள் நிற்கின்றன. அஞ்சாதே தேவி, உன்னை மணப்பேன் என்ற வாக்கில் மாற்றமில்லை."

"சாபம்?"

"அது நீ நம்ப விரும்பிய கதை."

அடப்பாவி! இறந்த அன்னையை நினைத்து அவள் அழுதபோதெல்லாம் அந்த ரோமக் கைகள் அல்லவா கண்ணீரைத் துடைத்தன! அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

காலில் சிக்கிய தோலை உதற அவன் குனிந்த கணத்தில் இளவெயினி கதவை அறைந்து சாத்திப் பூட்டினாள். திறவுகோலைக் கதவிடுக்கு வழியே நதியில் எறிந்தாள். ஓசை கேட்டுக் காவல்தலைவர் கொற்றங்கீரனார் வேலோடு ஓடிவந்தார். கரடியாக நின்றிருந்தால் அவர் வணங்கி விலகியிருப்பார். நின்றதோ மனிதன்.

"தாயே, இவன் யார்?"

மணாளன் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், வேல் தாழ்ந்துவிடும். விடங்கனுக்கும் அது தெரிந்தது.

"வெயினி..." என்றான். அவள் மயங்கிய அதே குரல்.

அவள் கண்கள் நிறைந்தன. ஆயினும் அவனை ஏறெடுத்துப் பார்த்தே சொன்னாள்:

"தெரியாது, கீரனாரே. இந்த முகத்தை நான் இதற்குமுன் கண்டதே இல்லை."