அருகில் உள்ள போன்

புது போன் மொழி கேட்டது, கைரேகை கேட்டது, வைஃபை கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தொட்டுக்கொண்டே வந்த ரம்ஷா, அடுத்த கேள்வியையும் படிக்காமலே தொட்டுவிட்டிருப்பாள். திரையின் அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டி மெதுவாக எழும்பி வந்து நின்றது.

‘பாரூக் பிரியாணி அருகில் உள்ளது. அந்த போனில் உள்ள எண்ணை இந்த போனுக்கு மாற்றவா?’

கீழே ‘தொடர்க’ என்றும் ‘இப்போது வேண்டாம்’ என்றும் இரண்டு பொத்தான்கள். அவள் கட்டைவிரல் முதல் பொத்தானுக்கு மேலே போய் அப்படியே நின்றது. ‘பாரூக் பிரியாணி’ என்பது அவள் கணவர் உமர் பாரூக்கின் போனுக்கு அவள் தம்பி உவைஸ் விளையாட்டாக வைத்த பெயர். அந்த போன் பவானி ஆற்றின் அடியில் கிடக்கிறது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். அந்த எல்லோருக்கும் அதைச் சொன்னது ஒரே ஒருவன்.

‘இப்போது வேண்டாம்’ என்பதைத் தொட்டாள். பெட்டி இறங்கி மறைந்தது.

சத்தியமங்கலத்தில் ஒரு வலிமா கல்யாண விருந்துக்குச் சமைக்க பாரூக்கும் அவர் தம்பி சுஃப்யானும் போயிருந்தார்கள். பந்தி முடிந்து, தேக்சா அண்டாக்களைக் கழுவி வண்டியில் ஏற்றிய பிறகு ஆற்றில் குளிக்க இறங்கிய அண்ணன் வழுக்கிப் போய்விட்டார் என்று சுஃப்யான் சொன்னான். மறுநாள் வெகுதூரம் கீழே தள்ளி அவரை எடுத்தார்கள். போன் எங்கே என்று யாரோ கேட்டபோது, “மடியிலதாங்க வெச்சிருந்தாரு, ஆத்தோட போயிருச்சு” என்றான். அழுகைக்கு நடுவிலும் அது ரம்ஷாவின் காதில் விழுந்தது. அடுப்பு ஆவி படக்கூடாது என்று போனை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைக்கிற மனிதர், குளிக்க இறங்கும்போது அதை மடியில் செருகிக்கொண்டா இறங்குவார்? பல்லிடுக்கில் சிக்கிய ஏலக்காய்த் தோல்போல அந்தக் கேள்வி அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை.

கேட்கிற நிலையிலும் அவள் இல்லை. கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்ற துக்கத் தனிமை. வாசலைத் தாண்டக் கூடாது. கம்மலும் வளையலும் கழற்றியாகிவிட்டது. தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி, உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவே மாமியார் உம்மல் குல்சும் கனமான பச்சைத் திரை ஒன்றைக் கட்டியிருந்தாள். சுஃப்யான் கொழுந்தன் என்பதால் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவான். அண்ணனை அடக்கிவிட்டு வந்த நாளிலிருந்து அவன் முகத்தை ரம்ஷா பார்க்கவில்லை. வெறும் குரலிலிருந்து ஒரு மனுஷனின் மனசைக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை.

இந்தப் புது போனை உவைஸ் கொண்டுவந்த மத்தியானம்கூட அந்தக் குரல் சிரித்தது.

“இதுல சிம்மு எங்கடா போடறது? ஓட்டையே காணோம்?” என்று உம்மல் குல்சும்தான் ஆரம்பித்தாள். போனைத் திருப்பித் திருப்பி விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஓட்டை கிடையாதுங்க மாமி. சிம்மு உள்ளயே பதிச்சு வந்துருது. வெளிய எடுக்க முடியாது.” உவைஸ் டவுன்ஹால் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கிறான். விற்கிறவனின் பெருமை அவன் பேச்சில் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

திரைக்கு அப்பாலிருந்து சுஃப்யான் சிரித்தான். “இதே மாதிரி சொல்லித்தானே மாப்ள எங்க அண்ணன் தலையிலயும் ஒண்ணைக் கட்டுனீங்க? கார்டு சிம்முன்னா நகத்துல நெம்பி எடுத்து வேற போன்ல போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். நம்ம கையில இருக்கற சாமான் நம்ம பேச்சைக் கேக்கோணும்ல?”

“முன்னாடி பஸ் ஸ்டாண்டுல மச்சான் போனை அடிச்சுட்டுப் போனவன் என்னங்க பண்ணுனான்? மொத வேலையா சிம்மைக் கழட்டி வீசிட்டான். அப்புறம் எங்கன்னு தேடறது? உள்ளயே பதிஞ்சிருந்தா எவனும் கழட்ட முடியாது. போன் எங்க இருந்தாலும் காட்டிக் குடுத்துரும்.”

“காட்டிக் குடுத்துச்சா?” என்றான் சுஃப்யான்.

உவைஸ் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான்.

“அண்ணன் நம்பரைத் திருப்பி வாங்கோணும்னா அண்ணியே நேர்ல வந்து கைநாட்டு வைக்கோணுமாம்” என்று சுஃப்யான் தொடர்ந்தான். “அதுவரைக்கும் கல்யாண ஊட்டுக்காரங்க கூப்பிட்டுப் பாத்துப்போட்டு வேற மாஸ்டர்கிட்டப் போறாங்க.”

“கழட்டவும் முடியாது, கண்டுபிடிக்கவும் முடியாது. அப்படியாப்பட்ட சாமான் நமக்கெதுக்குடா?” என்று சொல்லி உம்மல் குல்சும் போனை மருமகள் மடியில் வைத்தாள். “வெச்சுக்க கண்ணு. உன் பழசுதான் பாதி நேரம் கேக்கவே மாட்டேங்குதே.”

அன்று சாயங்காலம்தான் அந்த வெள்ளைப் பெட்டி முதன்முதலாக வந்தது.

ரம்ஷா உவைஸைப் போனில் கூப்பிட்டுச் சுற்றி வளைத்துக் கேட்டாள். “அருகில்னு போன் சொன்னா எவ்வளவு தூரம்டா இருக்கும்?”

“ஊட்டுக்குள்ளதாங்க்கா. ரெண்டு சுவரு தாண்டுனாலே தெரியாது.”

“தண்ணியில விழுந்த போனா இருந்தா?”

“செத்த போன் எப்படிக்கா கூப்பிடும்? சார்ஜ் இருக்கோணும், ஆன்ல இருக்கோணும். ஏன் கேக்கறே?”

“சும்மாதான்.”

சும்மா இல்லை. அந்தப் போன் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. யாரோ அதற்குச் சார்ஜ் போடுகிறார்கள். அது ஆற்றோடு போகவில்லை என்றால், அவர் ஆற்றில் குளிக்க இறங்கினார் என்பதும் பொய்தான். அப்படியானால் அங்கே என்ன நடந்தது? அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கூரைக்குக் கீழே, சுஃப்யான் மாடியில் தலைக்கு மேலே நடந்துகொண்டிருக்க, அவளால் கண் மூட முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் காதாலும் மூக்காலும் வேவு பார்த்தாள். மாடியில் சுஃப்யானின் அறையில் பலகை நகரும் சத்தம், சுவிட்சு விழும் சத்தம், வெகுநேரம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒருவன் எழுந்து நடக்கும் சத்தம் எல்லாவற்றையும் திரைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வீட்டில் இருக்கும்போது பெட்டி எழும்பி வந்தது. பலமுறை அப்படித்தான் வந்தது. அவன் திரையோரம் வந்து நிற்கும் சில வேளைகளில் நனைந்த சாக்கின் வாடையும் சேற்று வாடையும் கலந்து லேசாக அடித்தன. ஒருநாள் திரைக்கு அடியில் அவன் பாதங்கள் தெரிந்தன. அவன் போன பிறகு அந்த இடத்தில் ஈரம் இருந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்துவிட்டு வந்திருப்பான் என்று நினைத்தாள். அப்போது எந்தத் தொழுகை நேரமும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் ஒன்று வந்தது. காலையிலேயே கரண்ட்டை எடுத்துவிட்டார்கள். சுஃப்யான் முந்தின நாளே தேங்காய் எடுக்க உடுமலைக்குப் போயிருந்தான். கரும்புக்கடைப் பகுதியில் ஒரு மவுத்து, துக்கம் கேட்கப் போகவேண்டும் என்று சொல்லி உம்மல் குல்சும் துப்பட்டியை எடுத்துக்கொண்டாள். “கதவைச் சும்மா சாத்திட்டுப் போறேன் கண்ணு, வெரசா வந்துருவேன்” என்றாள். காற்றாடி நின்ற வீட்டில், ஃப்ரிட்ஜின் முனகலும் நின்றுபோக, இத்தனை நாளாக அந்தச் சத்தங்களுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது போல ஒரு நிசப்தம் கூடத்திலிருந்து உள்ளறைக்குப் பரவி வந்தது. வெளியே உச்சி வெயில். உள்ளே, சாத்திய ஜன்னல்களின் இடுக்கில் கசிந்த வெளிச்சத்தில், எல்லாம் ஆழத்துத் தண்ணீரின் நிறத்தில் இருந்தன.

பெட்டி எழும்பியது.

‘பாரூக் பிரியாணி அருகில் உள்ளது.’

இப்போது அவனும் வீட்டில் இல்லை. அவன் ஒளித்துவைத்த போன் மட்டும் இருக்கிறது என்று முடிவு செய்தாள். கொழுந்தனிடம் தனியாகப் பேசுவது முறையில்லை என்று தெரிந்தும் அவன் எண்ணைக் கூப்பிட்டாள்.

“அண்ணி? என்னாச்சுங்க? அம்மா நல்லா இருக்குதா?” பின்னால் தேங்காய்கள் குவியலில் விழும் சத்தம் கேட்டது.

“உங்க அண்ணன் போனை எங்க வெச்சிருக்கீங்க?”

“ஆத்துலதாங்க...”

“பொய் சொல்லாதீங்க. அது இந்த ஊட்டுக்குள்ள இருக்குது. எனக்குத் தெரியும். அவரு குளிக்க இறங்கல.”

தேங்காய் விழும் சத்தம் தூரமாகியது. அவன் எங்கோ ஒதுங்கிப் போனான்போல. அவன் பேசத் தொடங்கியபோது குரல் உடைந்திருந்தது. இத்தனை நாள் திரைக்குப் பின்னால் அவன் அழுதுகொண்டுதான் நின்றானோ என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

“குளிக்க எறங்கலீங்க அண்ணி. நான் அம்மாகிட்டயும் சொல்லல. சொன்னா வேணும்னே செத்துப்போனாருன்னு பேசுவாங்க. அது பாவமுல்ல, அந்தப் பேரு அவருக்கு வேண்டாம்னுதான் குளிச்சாருன்னு சொல்லிப்போட்டேன்.”

“என்ன நடந்துச்சு?”

“கரையில உக்காந்துட்டு இருந்தோம். போன் வந்துச்சு. எடுத்துப் பேசுனாரு. சிரிச்சுக்கூடப் பேசுனாருங்க. ‘வாரேன், வாரேன், இருங்க’ன்னுட்டே எந்திரிச்சாரு. வண்டிக்குப் போறாருன்னு நெனச்சேன். சட்டையோட, செருப்போட, போனைக் காதுல வெச்சபடியே தண்ணிக்குள்ள நடந்து போனாரு. நான் கத்துனேன். திரும்பிப் பாத்து, கொஞ்சம் இருன்னு கையக் காட்டுனாரு. தலை முங்கற வரைக்கும் போன் காதுலதான் இருந்துச்சு.”

“கூப்பிட்டது யாரு?”

“அது தெரியாமத்தாங்க அண்ணி எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது.”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். பெட்டி நின்றுகொண்டிருந்தது.

வேண்டாம் என்று தொட்டாள். மறைந்தது. எழும்பியது. மறுபடியும் தொட்டாள். எழும்பியது. போனை அணைத்தாள். கறுத்த திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாக ஒளிர்ந்தது. பழைய போனாக இருந்தால் கம்மலின் முள்ளை அந்தச் சின்ன ஓட்டையில் விட்டுக் குத்தி, சிம்மை வெளியே எடுத்து இரண்டாக ஒடித்திருப்பாள். காதில் கம்மல் இல்லை. போனில் ஓட்டையும் இல்லை. விளிம்பு முழுக்க விரலால் தேடினாள். ஒரு பிசிறுகூட இல்லாமல், கூழாங்கல்லைப் போல வழவழவென்று இருந்தது.

வாசலுக்கு ஓடியிருக்கலாம். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. அவளை நிறுத்தியது இத்தா மட்டும் இல்லை. அவரைக் கூப்பிட்டது யார் என்பது அந்தப் போனுக்குள் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மிச்ச வாழ்நாளை எப்படி ஓட்டுவது?

‘தொடர்க.’

கேமரா திறந்தது. நடுவில் ஒரு வெள்ளைச் சட்டம். ‘மற்ற போனின் திரையில் உள்ள குறியீட்டை இந்தச் சட்டத்துக்குள் கொண்டு வரவும்.’

சட்டத்துக்குள் கட்டில் தெரிந்தது, பிறகு திரை, பிறகு கூடம். மாடிப்படியில் ஏறினாள். எழுத்துகள் மங்கின. இறங்கினாள். தெளிந்தன. அவன் அறையில் இல்லை. ஒருநாளும் அங்கே இருந்ததில்லை.

சமையலறை. ‘இன்னும் அருகில்.’

நனைந்த சாக்கு வாடை. சேற்று வாடை. இப்போது அவன் உடுமலையில் இருக்கிறான். வாடை இங்கே இருக்கிறது.

பின்கட்டு. பாத்திரம் கழுவும் இடம். ‘இன்னும் அருகில்.’

தரைத்தொட்டியின் இரும்பு மூடிக்கு முன்னால் வந்து நின்றாள். சிறுவாணிக் குடிதண்ணீர் பிடித்துவைக்கும் தொட்டி. கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டது.

காலையில் இந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள்.

மூடியின் வளையத்தில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. இழுத்தாள். சிமெண்டில் இரும்பு உரசியது. போனைக் கீழே காட்டினாள்.

முதலில் ஒன்றுமில்லை. கறுப்பு.

பிறகு, சதுரமாக ஒரு வெளிச்சம். அதில் கறுப்புக் கட்டங்கள்.

அது அடியில் விழுந்து கிடக்கவில்லை. நிமிர்ந்திருந்தது. அவளைப் பார்த்து. யாரோ பிடித்திருந்தார்கள். ஊறி வெளுத்த விரல்கள். பெருவிரலுக்குக் கீழே, தேக்சா மூடி சுட்டு அவருக்கு இருந்த அதே பழைய தழும்பு.

“என்னங்க” என்றாள்.

அந்தக் கையின் மணிக்கட்டை வேறொரு கை பற்றியிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு வெளிச்சம். அந்தக் கையை, அதற்குக் கீழே, இன்னொன்று. அங்கேயும் ஒரு வெளிச்சம். தொட்டி அவள் மார்பளவு ஆழம்தான். போன ரம்ஜானுக்கு முன்னால் அவளே இறங்கித் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். வெளிச்சங்கள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. சின்னச் சின்னச் சதுரங்களாக. புள்ளிகளாக. ஒவ்வொன்றையும் பிடித்தபடி ஒரு கை. ஒவ்வொரு கையையும் பிடித்தபடி ஒரு கை. தொட்டிக்குத் தரையே இல்லை.

அவள் கையிலிருந்த சட்டம் பச்சையானது. போன் ஒருமுறை அதிர்ந்தது. ‘எண் மாற்றப்பட்டது.’

தொட்டிக்குள், எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதல் வெளிச்சம் அணைந்தது. இப்போது அந்தக் கை வெறுமையாக இருந்தது.

விரல்களை விரித்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது.