ஃபேன் சத்தத்துக்கு அடியில்

வெற்றி படியேறி வரும்போதெல்லாம், வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டர் தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.

ஒரு நாள் ரெண்டு நாள் என்றால் விட்டிருப்பான். தினமும் இதே கதை. கீழே திருவொற்றியூர் மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் எண்ணூரைப் பார்த்து வரிசைகட்டி உறுமிக்கொண்டிருக்கும், அந்த உறுமலையும் தாண்டி இரண்டாவது மாடியிலிருக்கிற தன் வீட்டுக் கம்ப்யூட்டரின் கிர்ர்ர் அவனுக்குத் தெருமுனையிலேயே கேட்டுவிடும், ஏனென்றால் பதினெட்டு வருஷமாகக் காசிமேட்டில் விசைப்படகு இஞ்சின் பார்க்கிறவன் காது அது, கரையில் நின்றபடியே எந்தப் படகில் எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லிவிடும். கடைசிப் படியில் கால் வைத்துச் செருப்பைக் கழற்றுவான். கிர்ர்ர் பொசுக்கென்று அடங்கும். ரெண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் மூன்றாவது ஆள் நுழைந்தால் பேச்சு நிற்குமே, அந்த மாதிரி.

உள்ளே அவன் பெண்டாட்டி கார்குழலி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கன்னத்தில் ஒரு சிரிப்பின் மிச்சம் இருக்கும். அவனைப் பார்த்ததும் அதுவும் போய்விடும்.

வயிறு எரியாதா ஒரு மனுஷனுக்கு?

வெளியே சொல்லவும் முடியாது. பெண்டாட்டி மேல் சந்தேகப்படுகிறவனுக்காவது நாலு பேர் புத்தி சொல்வார்கள். கம்ப்யூட்டர் மேல் சந்தேகப்படுகிறவனை என்ன செய்வார்கள்? ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு வீட்டிலிருந்தே சரக்கு லிஸ்ட் டைப் அடிக்கிறாள். அதற்காக யாரோ ஓட்டித் தள்ளிய பழைய மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டாள். அது வந்த நாலு மாசத்தில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் வெற்றி அதைப் பார்த்ததில்லை. இஞ்சின் பக்கத்தில் நின்று கத்திக் கத்தியே பழகியவனுக்கு வீட்டில் பேச வராது. சோறு போடு. தண்ணி கொடு. லைட்ட அமுத்து. அவளிடம் அவன் பேசுவது அவ்வளவுதான். அவள் மேல் உயிரையே வைத்திருந்தான், அதைச் சொல்லத்தான் தெரியவில்லை.

அவளேதான் ஒரு நாள் கேட்டாள்.

“யோவ், இந்த சத்தத்த ஏதாச்சும் பண்ணேன். போன்ல பேசசொல்ல டெரிக் சாரு கேக்குறாரு, உங்க வூட்ல மாவு மிஷின் ஓடுதான்னு.”

“யாரு டெரிக்கு?”

“சூப்பர்வைசரு. பேரன் பேத்தி எடுத்த ஆளு. மூஞ்சிய அப்டி வெச்சிக்காத.”

பேரன் எடுத்தால் என்ன, அவனுக்கும் குரல் இருக்கிறதே, அந்தக் குரல் தன் பெண்டாட்டி காதுக்குள் போகிறதே என்று நினைத்துக்கொண்டான். சத்தத்தைக் குறைத்துவிட்டால் இவர்கள் பேசுவது தனக்கும் கேட்கும். அந்த எண்ணத்தோடுதான் ஸ்க்ரூடிரைவரைக் கையிலெடுத்தான்.

மீன்பிடித் தடைக்காலம் அது. படகுகள் எல்லாம் கரையில், மெக்கானிக்குக்கு முதுகு ஒடிகிற வேலை. ஞாயிறு மத்தியானம்தான் நேரம் கிடைத்தது. தகரப் பெட்டியின் பக்கத்துக் கதவைக் கழற்றினான். உப்புக் காற்றில் துருவேறிய தகரத்தின் நெடியும், அனல் மின் நிலையத்திலிருந்து வந்து வீடு முழுக்கப் படிகிற சாம்பல் தூசியின் நெடியும், அதற்குள்ளே வேறொன்றும் வந்தது. ஆள் வாசனை. குளித்துத் தலை துவட்டாத ஆளின் வாசனை.

பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினான். ஃபேனைக் கழற்றித் துடைத்து தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டான். லொடலொடத்த ஸ்க்ரூக்களை முடுக்கினான். ஓட விட்டால் பாதிச் சத்தம் போயே போய்விட்டது. மீதிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, காசிமேட்டில் பேரிங்கை சோதிக்கிற மாதிரியே செய்தான். ஸ்க்ரூடிரைவர் முனையைத் தகரத்தில் ஊன்றி, பிடியைக் காதுக்குழியில் அழுத்திக்கொண்டான்.

ஃபேன் சுற்றுவது கேட்டது. அதற்கு அடியில் டிஸ்க் டிக் டிக்கென்று அதிர்வது கேட்டது. அதற்கும் அடியில்,

“ம்.”

சமையல்கட்டில் கார்குழலி தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலை வாங்க மறந்துட்டேன் என்றாள். பெட்டி “ம்” என்றது. கேஸும் தீர்றாப்புல கீது என்றாள். “ம்” என்றது. ஆண் குரல். கதை கேட்கிறவன் ம் கொட்டுகிறானே, அதே அக்கறையோடு, அவசரமே இல்லாமல். ஏழு வருஷத்தில் வெற்றி அவளுக்கு ஒரு தடவை கூட அப்படி ம் கொட்டியதில்லை.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டான். பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

சாயந்திரம் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து அவள் பின்னால் நின்றான். கார்குழலி திரும்பியவள் தூக்கிவாரிப் போட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“எப்ப வந்தே? செருப்பு சத்தமே கேக்கல.”

மறுநாள் சைக்கிள் டியூபை வட்டம் வட்டமாக வெட்டி டிஸ்க்குக்கு அடியில் கொடுத்தான். டிக் டிக் நின்றது. இப்போது ஸ்க்ரூடிரைவர் தேவைப்படவில்லை, காதைத் தகரத்தில் வைத்தாலே போதும், ம் மட்டும் இல்லை, வார்த்தையே கேட்டது. என்ன வார்த்தை என்றுதான் பிடிபடவில்லை. தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, கொஞ்சுகிற தொனியில். அவன் காது வைத்தது தெரிந்ததும் நின்றுவிட்டது.

காசிமேட்டில் அவனோடு வேலை பார்க்கிற சின்னப்பையன், பேர்தான் அப்படி, ஆளுக்கு ஐம்பது வயது, அடுத்த நாள் அவனை உற்றுப் பார்த்தான்.

“இன்னாடா, தொண்ட கட்டிக்கினியா? வாய் ஆடுது, ஒண்ணியும் கேக்கல.”

வெற்றி கத்தினான். தன் காதுக்கே பக்கத்துத் தெருவில் யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. சுத்தியலை எடுத்து ஒரு போல்ட்டை ஓங்கி அடித்தான். கந்தல் துணியில் அடித்த சத்தம்தான் வந்தது. பக்கத்தில் சின்னப்பையன் அடித்தது கணீரென்று கேட்டது.

பெட்டியின் சத்தத்தை எவ்வளவு குறைக்கிறானோ அவ்வளவு தன் சத்தமும் குறைகிறது. அது அவனுக்குப் புரியத்தான் செய்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் பழையபடி லொடலொடக்க விட்டிருந்தால் பிழைத்திருப்பான். பொறாமை விட்டதா? உள்ளே இருக்கிறவன் யார் என்று தெரியாமல் அவனால் சோறு தின்ன முடியவில்லை.

புதன்கிழமை சாயந்திரம் கார்குழலி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். மேஜையில் அவள் போன் அடித்தது. டெரிக் சார் என்று காட்டியது. எடுத்துக் காதில் வைத்தான்.

“கார்குழலி? ஹலோ? நீங்க பேசறது கேக்கலம்மா. பரவால்ல, லிஸ்ட் வந்துடுச்சின்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். ரெண்டு நாளா பகல்ல கூப்பிட்டா உங்க லைன்ல அந்த இரைச்சலே இல்ல. பக்கத்துல உங்க வீட்டுக்காரர் பேசறதுகூட நல்லா கேக்குது. எவ்வளவு அன்பா பேசறாரு. அவருக்கு வேலை வீட்லயேதானா?”

வெற்றி போனை வைத்தான். காலையில் ஆறு மணிக்குப் போனால் சாயந்திரம் நாலுக்குத்தான் வருகிறான்.

கார்குழலி துணி மூட்டையோடு உள்ளே வந்தாள். அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, காதருகே வாயை வைத்து, இருந்த தொண்டையை எல்லாம் கூட்டிக் கேட்டான்.

“பகல்ல வூட்டுக்கு யார்மே வர்றான்?”

அவள் குழம்பிப்போய்ப் பார்த்தாள்.

“இன்னாய்யா கேக்குற? நீதான வர்ற. பின்னால நின்னுகினு பேசுற. நா திரும்பிப் பாத்தா ஆளக் காணோம், வேலைக்கு ஓடிடற.” அவள் முகம் சிவந்தது. “இப்பதான்யா நீ மன்சன் மாதிரி பேசுற. அதையும் சண்டையாக்காத.”

அந்தச் சிவப்பு தனக்கானது இல்லை. வேறு எவனோ அவன் பேரில் வந்து சம்பாதித்தது.

படகில் எப்போதாவது ஒரு இஞ்சின் பிடி நழுவித் தானாக வேகமெடுத்து ஓடும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது, உள்ளே கசிகிற ஆயிலையே குடித்துக்கொண்டு ஓடும். அப்போது மெக்கானிக்குக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஈரச் சாக்கை எடுத்துக் காற்று போகிற வாயில் திணிக்க வேண்டும். காற்றை அடைத்தால் எப்பேர்ப்பட்ட இஞ்சினும் செத்துப்போகும். பதினெட்டு வருஷத்தில் அந்த வழி அவனைக் கைவிட்டதில்லை.

மறுநாள் மீன் ஐஸ் வைக்கிற பெரிய தெர்மகோல் பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். மேஜைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை அப்படியே தூக்கி அதற்குள் இறக்கினான். வயர் போக விளிம்பில் சின்ன வெட்டு. சுற்றி இடைவெளியில் சாக்கு. மேலே மூடி. சமையல்கட்டிலிருந்து கார்குழலி எட்டிப் பார்த்தாள்.

“சூடாயி வெடிச்சிடப் போவுதுய்யா.”

அவன் பதில் சொன்னாலும் கேட்காது. பழுப்பு டேப்பை இழுத்து மூடியைச் சுற்றி ஒட்டினான். சுற்றிச் சுற்றி ஒட்டினான். சாவுடா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் வாயசைத்தான்.

சத்தம் மெலிந்தது. இன்னும் மெலிந்தது.

நின்றது.

மேஜை மேல் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இந்நேரம் பெட்டி அனலாகக் கொதிக்க வேண்டும். கையை வைத்துப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது.

எழுந்தபோது ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. சத்தமில்லை. மேஜையைத் தட்டினான். சத்தமில்லை. ஓங்கித் தட்டினான். கை வலித்தது. அவ்வளவுதான். வெளியே லாரி ஹாரன் கேட்டது. சமையல்கட்டில் கரண்டி சத்தம் கேட்டது. அவனிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை. மூச்சு விட்டான். மூச்சுகூட கேட்கவில்லை.

“குழலி” என்று கத்தினான்.

“குழலி.”

கேட்டது. அவன் குரல்தான். அவன் தொண்டையிலிருந்து வரவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. கத்தலாகவும் வரவில்லை, ஆசையாக வந்தது.

கார்குழலி கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் வாய் அசைவதைப் பார்த்தாள்.

ஓடு என்றான். கீழே ஓடிப்போயிடு. இதுங்கிட்ட வராத.

“இன்னும் கிட்ட வா” என்றது பெட்டி, அவன் உதட்டசைவுக்குச் சரியாக. “ஏழு வருசமா உன்கிட்ட ஒண்ணியும் சொல்லாம இருந்துட்டேன். உன்ன வுட்டா எனக்கு யாரு கீறா?”

அவன் சொல்ல நினைத்து சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை. ஒவ்வொன்றும் அவனுடையது. கார்குழலியின் கண் கலங்கியது.

அவன் இல்லை இல்லை என்று தலையாட்டினான்.

“வெக்கமா கீதா?” என்று சிரித்தாள்.

“உனக்கு ஒண்ணு வெச்சிகீறேன்” என்றது குரல். “பெட்டிய தொறந்து பாரு.”

அவள் மண்டி போட்டாள். வெற்றி பாய்ந்து அவள் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே இடது கையை மூடி மேல் வைத்தாள். டேப் தானாக உரிந்தது. சர்ர்ரென்று, ஒவ்வொரு சுற்றாக. மூடி உள்ளிருந்து மேலே எழும்பியது.

இடது கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு. முழங்கை. அவ்வளவு ஆழமில்லை அந்தப் பெட்டி. தகரம் எங்கே? சாக்கு எங்கே?

காலைத் தரையில் ஊன்றி இழுத்தான். பெட்டிக்குள்ளிருந்தும் அவள் இடது கையை ஏதோ இழுத்தது.

“யோவ், ரெண்டு கையயும் புடிச்சிகினா எப்டி எய்ந்துக்கறது?” அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். கண் நிறைய அவ்வளவு ஆசை. “ஒண்ணயாவது வுடுய்யா.”

“சரி, வுடறேன்” என்றது பெட்டி, அவன் குரலில்.

அவள் வலது மணிக்கட்டைச் சுற்றியிருந்த வெற்றியின் விரல்கள், அவன் இறுக்க இறுக்க, ஒவ்வொன்றாகப் பிரிய ஆரம்பித்தன.